டாக்டர் சொன்ன 'சுமக்கட்டே'

கேரளம் தனி மாநிலமான மறு வருடம், திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்தோம். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கும் என் கணவருக்கு நெஞ்சு முழுக்கச் சளி. அவர் வெளியே பெஞ்சில் சுருண்டிருக்க, டாக்டர் என்னிடம் மருந்தைக் கொடுத்து, "நல்லோணம் சுமக்கட்டே, தடுக்கண்டா" என்றார்.

நன்றாகச் சுமக்கட்டும், தடுக்காதே! அப்படித்தான் என் காதில் விழுந்தது. உழைத்தால் சளி கரையும் போலிருக்கிறது என்று நானே அவரை மறுநாள் வேலைக்கு அனுப்பினேன். இருமினால் காசநோய் என்று விரட்டிவிடுவார்களே என்று பயந்து, அவர் துண்டை வாயில் அமுக்கியபடி மூட்டை சுமந்திருக்கிறார். மூன்றாம் நாள் மூட்டையோடு விழுந்தார். உதடெல்லாம் நீலம். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். தமிழ் பேசும் கம்பவுண்டர்தான் விளக்கினார்.

"தங்கச்சி, இங்க 'சும'ன்னா இருமல். மூட்டை தூக்கச் சொல்லல. உள்ள போற கிருமி சளியில ஒட்டிக்கிடும். இருமுனாத்தான் அது வெளிய வரும். அதைப் போய் அடக்க விட்டுட்டியே!"

பத்து நாள் கழித்துத்தான் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் எந்த டாக்டர் எதைச் சொன்னாலும் செய்துகாட்டச் சொல்கிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். அன்று அந்த டாக்டர் ஒரே ஒரு தடவை இருமிக் காட்டியிருந்தால் போதுமே!