மூன்றாவது முறை கூப்பிடாதவன்

பேய்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. தொலைக்காட்சித் தொடர்களில் அதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட நான், தீபாவளிக்கு முந்தைய வாரம் நான்கு நாள் விடுப்பு எடுத்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஐம்பத்திரண்டு பகுதிகள் கொண்ட ஒரு வங்காளப் பேய்த் தொடரைப் பார்த்து முடித்தேன். விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் 'குடும்ப நிமித்தம்' என்று எழுதினேன். பொய்யில்லை. என் மகள் மூன்று வாரங்களாக என்னோடு பேசவில்லை. அந்தத் தொடரைப் பார்த்தால்தான் ஏனென்று புரியும் என்று அவளே சொல்லியிருந்தாள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ரயில்வேக்காரன். கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் அலுவலகம், கூப்பிடு தூரத்தில் குவார்ட்டர்ஸ். இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் கன்ட்ரோலில் இருந்தேன். ஒரு மேஜை, ஒரு போன், கம்பியின் அந்தப் பக்கம் வரிசையாக ஸ்டேஷன்கள். எந்த ரயில் எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு நகர்த்தும் வேலை. அங்கே எனக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. ஒரு ஸ்டேஷனை இரண்டு முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், மூன்றாவது முறை அதையே கூப்பிட்டு நேரத்தை வீணாக்க மாட்டேன். பக்கத்து ஸ்டேஷனைக் கூப்பிடுவேன். பிறகு அதற்கடுத்ததை. யாரையாவது ஓடவிட்டுப் பார்த்துவரச் சொல்வேன். பதினோரு வருடத்தில் இந்தப் பழக்கம் என்னை ஒரு முறையும் கைவிட்டதில்லை.

மகளுக்கு நகரத்தின் மறுகோடியில், நியூ டவுனில் வேலை. இங்கிருந்து தினமும் போய்வருவது நடக்காத காரியம் என்று, இரண்டு வங்காளப் பெண்களோடு சேர்ந்து அங்கேயே ஒரு ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாள். துர்கா பூஜைக்குச் சில நாட்கள் முன்னால் விடிய விடிய மழை. காலையில் நகரம் முழுக்க முழங்காலளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஆட்கள் விழுவதாகத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மகளுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

மூன்றாவது முறை செய்யவில்லை. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

அவள் அலுவலக எண், ஃபிளாட்டின் காவலாளி, நியூ டவுனில் இருக்கும் என் சக ஊழியரின் மைத்துனர். அதற்கும் மேலே போய், இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் குரூப்பில் அவள் படத்தைப் போட்டு, 'காணவில்லை. பார்த்தவர்கள் உடனே தெரிவிக்கவும்' என்று எழுதினேன். அவசரத்தில் அகப்பட்ட படம் அவள் ஆறாம் வகுப்பில் எடுத்தது. இரட்டைச் சடை, கனகாம்பரம், முன்பல் ஒன்று இல்லை. அந்த குரூப்பில் யார் எதைக் கேட்டாலும் பதில் வராது. தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க ஆள் கேட்டு நானே ஒரு வாரம் காத்திருந்திருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தையைக் காணோம் என்றதும் அரை மணி நேரத்தில் அது ஜாம்ஷெட்பூர் போய், கரக்பூர் போய், மகளின் மேலாளர் வரைக்கும் வந்துவிட்டது. மைத்துனர் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டி, தண்ணீரில் நடந்துபோய் அவள் கதவைத் தட்டினார். உள்ளே மூன்று பெண்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் மகளின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, என்னப்பா பண்ணி வச்சிருக்க? எங்க மேனேஜர் எனக்கே அனுப்பிக் கேக்கறாரு, 'இந்தப் பாப்பா உனக்குச் சொந்தமா'ன்னு!"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கல."

"மூணாவது தடவை கூப்பிட்டா எடுத்திருப்பேன். நாங்க மூணு பேரும் அப்படித்தான் வச்சிருக்கோம். மூணாவதுலதான் எடுக்கிறது."

"இது என்ன கூத்து?"

"அந்த சீரியலப் பாரு, புரியும். பாக்க மாட்ட. நீ எதையும் பாக்க மாட்ட, ஆள அனுப்பித்தான் பாப்ப." வைத்துவிட்டாள்.

பூஜைக்கு அவள் வரவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. 'சாப்பிட்டாயா' என்றால் கட்டைவிரல். 'காய்ச்சலா' என்றாலும் கட்டைவிரல். அது உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ், அவ்வளவுதான். ஓய்வூதியக்காரர்கள்கூட வருடத்துக்கு ஒருமுறைதான் அதைக் கொடுக்கிறார்கள். அம்மாவோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு வருவாயா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றாளாம். பிறந்ததிலிருந்து ஒரு தீபாவளிக்கும் அவள் தலையில் நாங்கள் எண்ணெய் வைக்காமல் இருந்ததில்லை.

ஆகவே உட்கார்ந்து பார்த்தேன்.

தொடர் பல வருடங்களுக்கு முந்தையது. வந்த காலத்தில் யாரும் பெரிதாகச் சட்டை செய்யாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. இப்போது யாரோ இணையத்தில் ஏற்ற, இருபது வயதுப் பிள்ளைகள் அதைக் கோயில் கட்டாத குறையாகக் கொண்டாடுகிறார்கள். அதன் வசனங்களைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். வடக்குக் கல்கத்தாவில் ஓர் இடிந்த கட்டடம், அதற்குள் ஓர் அரசு அலுவலகம், மூன்று குமாஸ்தாக்கள். செத்துப்போனவர்கள் வீடு திரும்பினால் அந்த விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவர்கள் வேலை. இது ஒன்றுதான் எனக்கு நம்பும்படி இருந்தது. செத்த பிறகும் மனுவோடு அலையவேண்டும் என்பதில் எந்த அரசு ஊழியனுக்குச் சந்தேகம் வரும்?

மற்றதெல்லாம் கண்றாவி. பேய் வருவதற்கு முன் புகை வரும். புகைக்கு முன் புகை போடும் ஆளின் இருமல் வரும். ஆவி பறக்கும்போது கம்பி தெரியும். ஒரு பகுதியில் பேய் ரயில் வருகிறது. டீசல் எஞ்சினுக்கு நீராவி எஞ்சினின் கூவல். கடைசிப் பெட்டியில் எல்.வி. பலகை இல்லை. அந்தப் பலகையைப் பார்த்தால்தான் ரயில் முழுசாகப் போய்விட்டது என்று ஸ்டேஷன் மாஸ்டர் உறுதிசெய்வார். பலகை இல்லாமல் ஓடினால் பேயாக இருந்தாலும் சார்ஜ்ஷீட்தான்.

இதைச் சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பேய்க்கும் மெமோ குடுத்தாச்சா?" என்றாள். அவள் கணக்கு டீச்சர். பயப்படுவதை வீட்டில் ஒருவர் செய்தால் போதும் என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் ஒப்படைத்துவிட்டவள்.

"எத்தனாவது?"

"பத்தொன்பது."

"காலைல நான் போறப்ப எட்டு. பரவாயில்ல. பொண்ணு பத்தாவது படிக்கறப்ப பக்கத்துல உக்காருங்கன்னு சொன்னேன், டைம் இல்லன்னீங்க."

மூன்றாவது அழைப்பின் விவரத்தைக் கீழ்வீட்டு பௌதிதான் சொன்னார். அண்ணி என்று அர்த்தம். இங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் பௌதிதான், அவர்களுக்கு நான் தாதா, அண்ணன். ஒரு கிண்ணத்தில் நாரு, அதாவது தேங்காய் உருண்டை, கொண்டுவந்தவர் திரையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, இதைக் கல்யாணமான புதுசிலே பார்த்தேன் தாதா! ஒரு மாசம் குளியலறைக்குத் தனியாகப் போகவில்லை" என்று வங்க மொழியில் சொல்லிவிட்டு விளக்கினார். வங்காளத்தில் நிஷி என்றொரு பேய் உண்டு. பெற்றவர், பிள்ளை, புருஷன் என்று நமக்கு வேண்டியவரின் குரலில் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொன்னால் கூட்டிக்கொண்டுபோய்விடும். ஆனால் அதற்கு இரண்டு முறைக்குமேல் கூப்பிட முடியாது. மூன்றாவது முறை கூப்பிட்டால் அது மனிதன்.

"மூன்றாவது முறை கூப்பிட்டும் சந்தேகமாக இருந்தால்?" என்றேன்.

"அதற்கும் இந்த சீரியலிலே ஒரு கேள்வி உண்டு. 'வீட்டுக்கு எத்தனை படி?' செத்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள்தான் படி ஏறுவதில்லையே!" என்றார். அப்புறம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "உங்கள் பெண்ணை நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டீர்கள்?" என்றார். கட்டடம் முழுக்கத் தெரிந்த கதைதானே.

நான் நாருவை வாயில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாளிலிருந்து கேலி செய்வது கடினமாகிவிட்டது. தொடரில் ஒரு பெண் வருகிறாள். அப்பா ஆற்றில் போய்விட்டவர். தினமும் மாடிப்படிக்குக் கீழேயிருந்து "மா" என்று அவர் குரல் கேட்கும். மகளை அப்படித்தான் இங்கே செல்லமாகக் கூப்பிடுவார்கள். இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு நின்றுவிடும். அவள் அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதற்காகக் காத்திருப்பாள். கம்பி தெரிந்தது, புகையின் இருமல் கேட்டது, பட்டப்பகல் வெளிச்சம் திரைச்சீலை வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆனாலும் மூன்றாவதற்காக நானும் ஒலியைக் கூட்டிவைத்தேன். ஐம்பத்திரண்டாம் பகுதியில் அந்தப் பெண் கதவருகே வருகிறாள். இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது. அவள் வாயைத் திறக்கிறாள். அதோடு தொடர் நின்றுவிட்டது. தயாரிப்பாளரிடம் காசில்லையாம். மூன்றாவது அழைப்பு வந்ததா இல்லையா என்று பிள்ளைகள் இன்றுவரை சண்டை போடுகிறார்களாம்.

திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தேன். மறுநாள் விடிந்தால் தீபாவளி. எங்கள் கணக்கில் எண்ணெய்க் குளியலுக்கு முந்தைய நாள். இவர்கள் கணக்கில் பூத சதுர்த்தசி. முன்னோர்களின் ஆவிகள் வீட்டுக்கு வரும் நாள். பதினான்கு கீரை சமைத்துச் சாப்பிட்டு, சாயங்காலம் பதினான்கு விளக்கு வைப்பார்கள்.

மகளுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"என்ன நிக்கறீங்க? மூணாவது போடுங்க."

"மூணாவதையும் எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா எடுக்கல."

"அப்ப நெசமாவே என்னை வேண்டாங்கறான்னு ஆயிடும்ல."

அவள் அடுப்பைத் தணித்தாள். "அன்னிக்கு ஊரையே கூப்பிட்டீங்க. காவலாளி, மைத்துனன், கரக்பூரு. அவளை மட்டும் இன்னொரு தடவை கூப்பிடல. அதத்தான் அவ எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழுதா. போட்டோவ இல்ல." பாகைக் கிளறத் திரும்பிவிட்டாள். "பதம் போயிடும். சீக்கிரம் போடுங்க."

போட்டேன். ஒரு மணி, இரண்டு மணி, ஐந்தாவது மணியும் அடித்தது. பதினோரு வருடத்தில் எந்த ஸ்டேஷனும் என்னை இப்படி நிற்க வைத்ததில்லை.

மணி நின்றது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சந்தேகமான குரல்.

"வீட்டுக்கு எத்தனை படி?"

"முப்பத்தாறு," என்றேன். "ரெண்டாவது மாடி திரும்பற எடத்துல ஒரு படி பேந்திருக்கு, போன மாசத்துலேர்ந்து. கைப்பிடியப் பிடிச்சுக்க, ஆனா துருப்பிடிச்சிருக்கு, அழுத்திப் பிடிக்காத. லைட்டு வேற..."

"ஆரே பாபா, போதும். அப்பாதான்." சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "முழுசாப் பாத்தியா?"

"ஐம்பத்திரண்டும். பேய் ரயில்ல எல்.வி. போர்டு இல்ல."

"தெரியும் நீ இதத்தான் சொல்லுவேன்னு. எங்க ஃபிளாட்ல நானும் சொன்னேன், அடிக்க வந்தாளுங்க. சரி, சாயங்காலம் வரேன். கேப் நம்பர் கேக்காத."

"கேக்கல."

"டிரைவர் பேரும் கேக்காத."

"கேக்கல," என்றேன். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினேன். இன்னும் செரிக்கவில்லை.

சாயங்காலம் பௌதி கீழ்ப்படியிலிருந்து விளக்கு வைத்துக்கொண்டு வந்தார். கதவுக்குப் பின்னால் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இன்று யார் கூப்பிட்டாலும் மூன்றாவது முறைதான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கீழே வண்டி நிற்கும் சத்தம். பிறகு மாடிப்படிக்குக் கீழேயிருந்து, "அப்பா."

கதவு திறந்திருந்தது, நான் பாதிப் படி இறங்கியிருந்தேன். விளக்குகளுக்கு நடுவே அவள் பையோடு நின்று தலையிலடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவைதான் கூப்பிட்டேன். அதுவும் இன்னிக்கு! நீயெல்லாம் முதல் எபிசோடுலயே காலி."

"பேந்த படி அது. பாத்து," என்றேன்.

அவள் அதிரசம் தின்றுகொண்டிருந்தபோது என் போன் ஒலித்தது. தாம்பரத்திலிருந்து ஒரு தூரத்து உறவினரின் செய்தி. மூன்று வாரத்துக்குமேல் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அந்தப் படம் இரட்டைச் சடையும் கனகாம்பரமுமாக எனக்கே வந்து சேர்ந்திருந்தது: 'இந்தக் குழந்தையைக் காணவில்லையாம், கல்கத்தாவாம், பாவம், முடிந்தவரை பகிரவும்.' மகள் போனை வாங்கிப் பார்த்தாள். எண்ணெய் விரலாலேயே ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, இன்னொரு அதிரசம் எடுத்துக்கொண்டாள்.