மீட்டர்காரர் வீட்டுப் பேச்சு

பாட்டக்கா என்று சொன்னால்தான் தெருவில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். வயது அறுபத்தெட்டு. முப்பது வருடத்துக்கு மேல் பாட்டெழுதுவதையே வேலையாக வைத்திருந்தவள். 'கவிஞரே' என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆரம்பத்தில் அவள் எழுதியதெல்லாம் டம்மி வரிகள். இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும் பாடகர் பாடிப் பழக ஏதாவது வார்த்தை வேண்டுமே, அதற்காக இட்டு நிரப்புகிற வரிகள். பிறகு பெரிய கவிஞர் வந்து நிஜப் பாட்டை எழுதுவார். இவளுடையது குப்பைக் கூடைக்குப் போகும். டைப் அடிக்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட வேலை அது. அதற்காக அவள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. முந்தின நாள் வீட்டில் கணவர் என்ன பேசினாரோ, அதை அப்படியே தூக்கி மெட்டில் உட்கார வைத்துவிடுவாள்.

கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். நாளுக்கு நூறு வாசல் மிதித்துவிட்டு வந்து, முகம் கழுவின கையோடு சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். எந்த வீட்டு நாய் துரத்தியது, எந்த வீட்டில் மீட்டர் மேல் காலண்டரைத் தொங்கவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நின்றார்கள், எந்த மாமியாரும் மருமகளும் இவரை நடுவில் நிறுத்திப் பஞ்சாயத்துப் பேசினார்கள் என்று வாய் ஓயாது. அதைக் கேட்டுக்கொண்டே பாட்டக்கா காய் நறுக்குவாள்.

ஒருமுறை தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பினாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட்டேன். பசிதான் போகல" என்றார். மறுநாள் அது டம்மி வரியானது. பெரிய கவிஞர் மூன்று நாள் முட்டி மோதியும் அதை அசைக்க முடியவில்லை. பெருந்தன்மையான மனுஷர், "இத எழுதினவங்க பேரையே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது.

"ஒரு பாட்டு யாரு வேணா எழுதிடலாம்மா. அடுத்த வருஷமும் கூப்பிடுவாங்களா, அதுதான் விஷயம்" என்றார் இசையமைப்பாளர். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை சமையலறை மேசையில் டேப் ரிக்கார்டரும் நோட்டும். சோப்பு விளம்பரமா, பள்ளிக்கூடப் பாட்டா, டிவி தொடரா, எதையும் தட்டிக் கழித்ததில்லை. ஐந்து தடவை மாற்றச் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வினை வீட்டுக்குள் வந்தது. தன் வாயிலிருந்து விழுந்ததுதான் ரேடியோவில் ஓடுகிறது என்று தெரிந்ததும் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு வரி எடுத்துக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். தண்ணீர் கேட்க மாட்டார். "தாகத்தின் தூதுவனாக வந்து நிற்கிறேன்" என்பார். நாய் துரத்திய கதையைக் கேட்டால், "நன்றியுள்ள ஜீவன் ஒன்று என் நிழலோடு ஓடி வந்தது" என்பார். சொல்லிவிட்டு, அவள் பேனாவை எடுக்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். மகள் பயந்துபோய், "அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள்.

முதலில் பாட்டக்காவும் சிரித்தாள். ஒரு வருடம் போனபின் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு ஆசையாகச் செய்கிற மனுஷரிடம் நிறுத்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது? "உங்க வரிய டைரக்டர் வெட்டிட்டாருங்க" என்று பொய் சொல்வாள். அவர் விடுவாரா, இன்னும் மும்முரமாக யோசிப்பார். அவள் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் காதைத் தீட்டிக்கொண்டு வார்த்தை பொறுக்கினாள். தொழில் எப்படியோ நடந்தது. ஆனால் வீட்டில் தன்னோடு பேசிக்கொண்டிருந்த ஆளைத் தன் கையாலேயே தொலைத்துவிட்டோமே என்று தனியாக அழுதிருக்கிறாள்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் ஒரு பாட்டு அவளை ஆட்டிப் படைத்தது. வெளியே போன மனைவி வீடு திரும்பவில்லை, கணவன் காத்திருக்கிறான் என்று காட்சி. பல்லவி மூன்று முறை திரும்பி வந்தது. ஏழெட்டு மாதமாக வேறு வேலையும் இல்லை. "இப்ப வர்றவங்க வேகமா எழுதித் தர்றாங்கக்கா" என்று டைரக்டர் இழுத்தார். மறுநாள் காலைக்குள் எழுதவில்லை என்றால் பாட்டு கைமாறிவிடும். அதோடு தன்னை மறந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று நாலு மணிக்குக் கணவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஸ்டுடியோவில் மெட்டோடு மல்லுக்கட்டியதில் அடியோடு மறந்துபோனாள். காலையில் இருவரும் சேர்ந்து வெளியே கிளம்பியதில், இருந்த ஒரே சாவியும் அவள் பையில். ஆறரைக்கு வந்து பார்த்தால், மனுஷர் பூட்டின கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"நாலு மணிலருந்து உக்காந்திருக்கேன். அக்கம்பக்கத்துல ஒருத்தர் பாக்கியில்லாம வந்து துக்கம் விசாரிச்சுட்டுப் போயாச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. எனக்குக் கோபம்கூட வரல. எங்கயாவது விழுந்து கிடக்கறியோன்னு பயம்தான் வந்துச்சு. தெருமுனைல யாரு திரும்புனாலும் நீயான்னு பாத்துப் பாத்து, இருக்கற கண்ணும் போச்சு."

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது அவர் இப்படிப் பேசி. பாட்டக்கா சாவியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தேடிக்கொண்டிருந்த பல்லவி இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மெட்டில் எங்கே மூச்சு விட வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சட்டென்று நிறுத்தினார். பழக்கதோஷம். "நல்லா வந்திருக்கா? எழுதிக்கறியா?" என்றார்.

"வேணாங்க. இது எனக்கு."

"நாளைக்குக் குடுக்கணும்னியே?"

"குடுக்கல."

அவர் படியில் நகர்ந்து இடம் விட்டார். "அப்ப இன்னும் கொஞ்சம் திட்டலாமா?"

"திட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவளும் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பாட்டை வேறொருவர் எழுதினார், நன்றாகவே எழுதினார். இவர் ஏழரை மணி வரைக்கும் திட்டினார். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் எழுதி வைக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.