அப்பா போட்ட பந்து

நாங்கள் குடியேறிய டண்டினொங்கில், மைதானத்தில் பேத்தி பேஸ்போல் அடித்த சத்தம் என்னை ஊருக்கே கொண்டுபோனது. மூங்கில் தடியால் பந்தடிக்கும் எல்லேயில் அப்பா பெயரெடுத்தவர்; பிறகு கல்லூரிப் பெடியன்களின் கோச். எல்லேயில் அடிப்பவரின் அணிக்காரரே அவருக்குப் பந்து போடுவார். ஒருநாள் அவர்களின் பயிற்சியில் நான் தடியைத் தூக்க, அப்பா சிரித்தபடி போட்டார். மதிலுக்கு மேலால் அடித்தேன்.

"சேர், இனி உங்கட மகள்தான் கப்டன்!" என்று பெடியன்கள் கத்தினார்கள்.

அப்பாவின் முகம் கறுத்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஊர் சிரிக்க முன்னம் இவள் வீட்டோட நிக்கட்டும். படிச்சது காணும்," என்றார். நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த வருடமும் அவருடைய அணிக்குத்தான் கோப்பை.

பேத்தி வேர்த்து வந்து பக்கத்தில் இருந்தாள். "அம்மம்மா, உங்கட டாடி நல்ல கோச்சா?"

"பெடியன்களுக்கு, ஓம்," என்றேன்.