அவளின் முழம்

இத்தாலியில், பலேர்மோவில் வெளிச்சுவர்களுக்குப் பலகை அடிக்கும் வேலை செய்தேன். சுவரின் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கி, கதவு யன்னலைக் கழித்து, தேவையான பலகையைச் சொல்லிவிடுவேன்.

வவுனியாவில் இடம்பெயர்ந்திருந்த மனைவி, மழைக்கு முன் கொட்டிலைச் சுற்றித் தகரம் அடிக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாள்.

"சுத்திவர நாப்பது முழம், உயரம் அஞ்சு."

துறைமுகத்துத் தொலைபேசிக் கூண்டில் நின்று, என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நாடாவால் அளந்து, கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

"ஆற்றை கையாலை அளந்தனீங்கள்?"

"என்ரை கையாலை."

"நான் சொன்னது என்ரை முழமப்பா! என்ரை கை மறந்துபோச்சோ?" என்று சிரித்தாள்.

கண்ணை மூடி, என் கைக்குப் பக்கத்தில் அவளின் கையை வைத்துப் பார்த்தேன். அவளின் விரல் நுனி எதுவரை வரும் என்று நினைவுக்கு வரவில்லை.

"அப்ப நீங்களே வந்து அளவுங்கோ."

"ஓம், வாறன்" என்றேன். போனால் இத்தாலிக்குத் திரும்பி வருவதற்குரிய பெர்மெசோ, வதிவிட அனுமதி, என்னிடம் இல்லை.

இப்போதும் நாடாவை எடுக்கும் முன் என் கையைத்தான் பார்க்கிறேன்.