பெயர்நாள் பூக்கள்

எடெல்காவின் முடிதிருத்தும் கடையில் தலை கழுவப் போனால் அவள் கண்ட கனவையும் கேட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கிண்ணத்தில் நம் தலையைச் சாய்த்து, வெந்நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே சொல்வாள். எங்கள் ஊரை ஒட்டி ஓடும் டிசா ஆறு கடைக்குள் வந்ததாம், நாற்காலிகள் படகாக மிதந்தனவாம். பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் எனக்கு எரிச்சலாக வரும்.

"நீ என்னிக்குத்தான்டி முழிச்சிருந்தே?" என்பேன்.

"முழிச்சிருந்து நீ என்னத்தைக் கண்டே?" என்று சிரிப்பாள்.

அந்தக் கோடையில் நகராட்சி கீழத்தெருக் குழாயை மூடியது. அங்கே இருப்பவை நாடோடி வழிவந்தவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ரோமா குடும்பங்கள். வீடுகளுக்குள் குழாய் கிடையாது, தெருமுனையில் இருந்த அந்த ஒன்றுதான். தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று நகரத் தலைவர் சொன்னார். சதுக்கத்து நீரூற்று மட்டும் பகலெல்லாம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதில் வாளியை வைத்தால் காவலர் விரட்டுவார்.

எடெல்கா கடையின் பின்னறையில் மூன்று பேர் கூடுவோம். அவள், நான், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்ற பாலிண்ட். சங்கம் என்று பெயர்தான் பெரிது. மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. சதுக்கத்தில் கூட்டம் போட அனுமதி கேட்டோம், மறுத்துவிட்டார்கள். கீழத்தெரு கிங்காவோ கைக்குழந்தையோடும் வாளியோடும் அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் என் தலையைக் கழுவும்போது எடெல்கா சொன்னாள். "ஊரே பூவோட நடந்து போற மாதிரி கனவுடி. ஒருத்தரும் பேசல. கால் சத்தம்கூட இல்ல." சட்டென்று அவள் கை நின்றது. "புதன்கிழமை கிங்காவுக்குப் பெயர்நாள் இல்ல?"

எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு; அந்த நாளில், அந்தப் பெயர் உள்ளவர் வீட்டுக்குப் பூவோடு யார் வேண்டுமானாலும் போகலாம். அழைப்பு தேவையில்லை.

"வாழ்த்தப் போறதுக்கு எவன்கிட்டடி அனுமதி?" என்றாள் எடெல்கா.

செய்தி வாய்வழியே பரவியது. புதன்கிழமை, கானல் ஆடிய வெயிலில், கீழத்தெருவில் கால்வைத்தே அறியாதவர்கள்கூடப் பூவோடு வந்தார்கள். வெள்ளைப் புழுதியில் முகங்கள் கரைந்து கரைந்து தெரிந்தன. எடெல்காவின் கனவுக்குள் நடப்பதுபோலவே இருந்தது எனக்கு. அப்போது பாலிண்ட் நான்கு சூரியகாந்தியோடு வந்து நின்றார்.

"இரட்டைப்படையில பூ சாவு வீட்டுக்குய்யா!" என்று கத்தினேன். அவர் அவசரமாக ஒன்றை உருவித் தொப்பியில் செருகிக்கொண்டார்.

வாசலில் கிங்காவின் மடி பூக்களால் நிறைந்தது. பிறகு அவள் முகம் சுருங்கியது.

"எல்லாரும் வந்திருக்கீங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுக்க வழியில்ல. இந்தப் பூவை நான் எதுல வைப்பேன்?"

எடெல்கா வெளிறிப்போனாள். "பூவைக் கண்டேன், தண்ணிய நினைக்கலையே, பாவி" என்று முனகினாள்.

கிங்கா குழந்தையை எடெல்காவிடம் கொடுத்தாள். பூக்களை இடுப்பில் கட்டியிருந்த முன்துணியில் அள்ளிக்கொண்டு சதுக்கத்தை நோக்கி நடந்தாள். நாங்கள் கொடுத்த பூக்களின் பின்னாலேயே நாங்களும் போனோம். நீரூற்றில் அவள் ஒவ்வொரு பூவாக மிதக்கவிட்டாள். தோட்டமே தண்ணீரில் மெதுவாகச் சுற்றியது. காவலர் எந்தச் சட்டப்படி தடுப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

அப்போது எதிரே நகராட்சிக் கட்டடத்திலிருந்து நகரத் தலைவர் பூங்கொத்தோடு வெளியே வந்தார். அவர் மகள் பெயரும் கிங்காதான்.

"உங்க பொண்ணுக்கும் என் வாழ்த்து ஐயா," என்றாள் எங்கள் கிங்கா. "காலையில தலைக்குக் குளிச்சாளா? என் புள்ள குளிச்சு ஒரு வாரமாச்சு."

அவர் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. இத்தனை நாளும் பழுது பார்த்தார்களாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா!

அன்று மதியம் கிங்கா நிறைந்த வாளியோடு கடைக்கு வந்தாள்.

"உக்காருங்கக்கா. ஊர்த் தலையெல்லாம் கழுவுறீங்க, உங்க தலைய யார் கழுவுனாங்க?"

எடெல்கா தன் நாற்காலியிலேயே கூச்சத்தோடு உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள். கிங்கா தண்ணீரைச் சுடவைத்து, மெல்ல ஊற்றினாள். எடெல்கா ஏதாவது கனவு சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.