டிரம்பெட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டில் ஆட்களைப் போலவே டிரம்பெட்டும் தலைக்குக் குளிக்கும். ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ஒருத்தியும் நம்பவில்லை. பொய் சொல்ல வேண்டுமென்றால் இதைவிட நல்லதாகச் சொல்லியிருப்பேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

சித்தப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதினார். கல்யாண ஊர்வலம், காதுகுத்து, கட்சிக்காரர்களுக்கு வரவேற்பு, அப்புறம் இழவு. இழவுக்கு ஊதிவிட்டு வந்தால் அவர் நேராக உள்ளே வர முடியாது. சித்தி குடத்தோடு வாசலில் நிற்பாள். முதலில் அவர் தலையில் தண்ணீர், அடுத்து டிரம்பெட்டின் தலையில். டிரம்பெட்டுக்குத் தலை எது என்பதில் எனக்கும் சித்திக்கும் ஓயாத வழக்கு. வாய் வைத்து ஊதுகிற பக்கம்தான் தலை என்பேன் நான். பூப்போல விரிந்த பக்கம்தான் முகம், முகம் இருக்கிற இடத்தில்தானே தலை இருக்கும் என்பாள் அவள். கடைசியில் இரண்டு பக்கமும் ஊற்றிவிட்டுக் குடத்தைக் கவிழ்ப்பாள். அதன் பிறகு டிரம்பெட், கூரை ஓரத்து ஆணியில் சொட்டிக்கொண்டே தொங்கும். சித்தப்பா போனபின் அந்த ஆணியில் சித்தி குடையை மாட்டுகிறாள்.

நாங்கள் இருந்தது கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகிற வழியில். ரோட்டின் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சித்தப்பா அந்தப் பந்தல்களுக்கு மருந்தடிப்பார். மருந்து என்றால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீலத் தண்ணீர். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் குழாயை அண்ணாந்து பிடிக்க வேண்டும். அடித்ததில் பாதி இலையில் தங்கும். மீதி அடித்தவர் மேலேயே இறங்கும். மாலையில் அவர் சைக்கிளில் வரும்போது புருவத்தில்கூட நீலம் பூத்திருக்கும். வாயில் கட்டிய துண்டும் அதே நிறம். தெருப்பிள்ளைகள் "கிருஷ்ணர் வந்துட்டாரு" என்று கத்துவார்கள். அவரும் புல்லாங்குழல் பிடிப்பதுபோல் கையை வைத்துக்காட்டுவார். எனக்கு அதில் ஒரே பெருமை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த பங்குனியில் பேண்டு செட் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கிளாரினெட் வாசிப்பவர். எப்போது வந்தாலும் மொபட்டை நிறுத்தாமல், ஒரு காலை ஊன்றியபடியே பேசிவிட்டுப் போகிறவர். அன்றைக்கு ஸ்டாண்டு போட்டு இறங்கினார்.

"என்னப்பா, உத்தமபாளையத்துக் கல்யாணத்துல சத்தம் மேல போகப் போகப் பிசிறடிச்சுருச்சே. பொண்ணு வீட்டுக்காரக சிரிக்கிறாக."

"குழல்ல அடைப்பு மாஸ்டர். உள்ள களிம்பு புடிச்சுக் கெடக்கு. துலக்கிட்டாச் சரியாப் போகும்" என்றார் சித்தப்பா.

"அடைப்பு குழல்லதானா?"

"வேற எங்கன இருக்கும்?"

மாஸ்டர், சித்தி கொடுத்த காபியை மெதுவாக ஆற்றினார். "வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள சரி பண்ணிரு. இல்லேன்னா பெரியகுளத்துல ஒரு பய இருக்கான், நல்லா ஊதுறான். அவனத்தான் முன்னால நிறுத்தணும். பெறகு என்னையக் குத்தஞ் சொல்லக் கூடாது."

வீரபாண்டியில் சித்திரைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் தீச்சட்டி எடுப்பவர்களுக்கு முன்னால் போவது சித்தப்பாவின் டிரம்பெட்தான். தோட்டத்துக்காரர்கள் அவரை "ஏலே" என்றுதான் கூப்பிடுவார்கள், என்னைவிடச் சின்னப் பையன்கள் உள்பட. ஆனால் வீரபாண்டியில் அவர் டிரம்பெட்டைத் தூக்கினால் கூட்டம் விலகி வழி விடும். வருஷத்தில் அந்த ஒரு வாரத்துக்காகத்தான் அவர் மற்ற வாரங்களைக் கழித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். துலக்க வேண்டும், உடனே துலக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடே கூடியது. வகுப்பில் லீடராக இருந்த பழக்கத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று நான் பிரித்துக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு. லாரி ஷெட்டில் வேலை பார்த்த அப்பா, ரேடியேட்டரும் டிரம்பெட்டும் ஒன்றுதான், வெந்நீரை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுக்க வேண்டும் என்றார். அம்மா குத்துவிளக்கு துலக்குகிற புளியைக் கரைத்தாள். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயையும் எடுத்துவந்தாள். சித்தி மட்டும் எதற்கும் கை கொடுக்காமல் நின்றாள்.

"நீங்க என்ன துலக்குனாலும் அது போகாதுக்கா" என்றாள் அம்மாவிடம். "போன மாசம் கூடலூர் இழவுக்குப் போயிட்டு மழையில வந்தாக. அதான் நனஞ்சாச்சேன்னு நான் தண்ணி ஊத்தல. மழை நனைக்கிறதும் நம்ம ஊத்துறதும் ஒண்ணாகுமா? அந்தத் தீட்டு உள்ளயே ஒக்காந்திருக்கு."

"ஒக்காந்திருந்தா வெந்நியில எந்திரிச்சு வரும்" என்றார் அப்பா.

"உங்களுக்கு எல்லாம் ரேடியேட்டர்தான்."

சித்தப்பா டிரம்பெட்டைக் கழற்றினார். விரல் வைத்து அழுத்துகிற மூன்று பிஸ்டன்களையும் உருவி என்னிடம் கொடுத்தார். நான் அவற்றைச் செய்தித்தாளில் வரிசையாகப் படுக்கவைத்தேன். வளைந்த குழாய்கள் ஒவ்வொன்றும் கழன்று வந்தன. நூலில் துணி கட்டி, ஒரு முனையில் விட்டு மறுமுனையில் இழுத்தோம். வெளியே வந்தது துணியா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாதபடி பச்சையும் கறுப்புமாக இருந்தது. ஊறின சோற்று வாடை. அத்தனை வருஷக் கல்யாணங்களின் எச்சில்.

எனக்கோ புதையல் கிடைத்த மாதிரி.

"இது நீங்க அடிக்கிற மருந்துதான சித்தப்பா? கையில இருந்து உள்ள போயிருச்சா?"

"இது பித்தளையில பூக்குறது தாயி. எச்சி பட்டாப் பூக்கும்."

"மருந்தும் இப்படித்தான இருக்கு?"

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது நான் படிப்பது வேதியியல். களிம்பிலும் துத்தத்திலும் இருப்பது ஒரே தாமிரம் என்பதை முதல் வருஷ லேபில் ஒரு சோதனைக்குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எல்லோரையும்போல நானும் எழுதினேன். எழுதிவிட்டு வெளியே வந்து வெகுநேரம் குழாயடியில் கை கழுவினேன்.

புளியும் வெந்நீரும் வேலை செய்தன. டிரம்பெட் புதுமணப்பெண் கணக்காக மின்னியது. பிஸ்டன்களுக்கு எண்ணெய் விட்டு, சித்தப்பா அவசர அவசரமாக மாட்டினார். வாயில் வைத்து ஊதினார்.

ஒன்றும் வரவில்லை. காற்று போகிற சத்தம்கூட இல்லை. அவர் கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது. சித்தி ஓடி வந்து, "போதும், விடுங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். அவர் அதைத் தட்டிவிட்டு, பிஸ்டன்களை உருவிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றாவதும் மூன்றாவதும் இடம் மாறியிருந்தன. இடம் மாறினால் காற்றுக்கு வழியே கிடையாதாம்.

"பாத்தியா. குத்தம் இங்கனதான் இருந்திருக்கு" என்று அப்பாவிடம் டிரம்பெட்டைக் காட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. டிரம்பெட்டில் கோளாறு கண்டுபிடித்ததற்கு ஒருவர் ஏன் லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்க வேண்டும் என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி, நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாற்றி மாட்டி ஊதினார். கீழ்ச்சத்தம் வெண்ணெய் மாதிரி வந்தது. நான் கை தட்டினேன். மேலே ஏறினார். ஏறுகிற இடத்தில் சத்தம் கிழிந்தது. மறுபடி ஏறினார், மறுபடி கிழிந்தது. பிறகு இருமல்தான் கேட்டது.

"இன்னும் உள்ள இருக்கு போல" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

அன்றிலிருந்து திருவிழா வரை டிரம்பெட் தினமும் குளித்தது. தண்ணீர் ஊற்றுவது நான், துணி இழுப்பது அவர். மேலே பொறித்திருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்து, விரல் வைத்துத் தடவினால்தான் தெரியும் என்கிற அளவுக்குத் துலக்கினோம். அப்பா ஒருநாள் சொன்னார்: "தேனி பெரியாஸ்பத்திரில நெஞ்ச ஒரு படம் புடிச்சுப் பாத்துருவோம்டா."

"திருவிழா முடியட்டும்ணே."

"அது அதுபாட்டுக்கு நடக்கும்."

"நான் இல்லாமலா?" என்றார் சித்தப்பா.

திருவிழாவுக்கு எல்லோரும் போனோம். ராட்டினத்துச் சத்தம், மொட்டையடித்த தலைகள், ஆற்றில் நனைந்த மஞ்சள் துணிகள். வளையல் கடைக்காரரின் பெஞ்சில் ஏறி நின்றுகொண்டேன். தீச்சட்டிகள் வரும் முன்பே பேண்டு சத்தம் வந்தது. முன்வரிசையில், எல்லோருக்கும் நடுவில், சித்தப்பா. வெயில் முழுக்க அவர் டிரம்பெட்டில்தான் விழுந்தது. அவருக்கு நேர் பின்னால், பெரியகுளத்துப் பையன் இன்னொரு டிரம்பெட்டோடு.

சத்தம் ஏறியது. ஏறி, உச்சியில் போய் ஒரு பிசிறு இல்லாமல் நின்றது. கூட்டம் விலகியது. பக்கத்தில் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னேன்: "எங்க சித்தப்பா. டிரம்பெட் நாங்க துலக்குனது." அவருடைய விரல்கள் பிஸ்டன்கள் மேல் எப்போதையும்விட வேகமாக ஆடின. அவர் கன்னம் உப்பவே இல்லை. சுத்தம் செய்துவிட்டால் எவ்வளவு லேசாக ஊத வருகிறது என்று வியந்தேன். பின்னால் வந்த பையன்தான் பாவம். கண்ணை இறுக்கி மூடி, கன்னம் பலூனாகி, வியர்வை கொட்டக் கொட்ட ஊதிக்கொண்டிருந்தான். அவனுடையது உள்ளே எவ்வளவு அழுக்காக இருக்கும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பையனோடதையும் ஒரு நாளு நாமளே துலக்கிக் குடுப்போமா?"

அம்மா என்னைப் பெஞ்சிலிருந்து இறக்கினாள். கேட்காமலே சவ்வுமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். கேட்டாலும் வாங்கித் தராதவள். மாஸ்டர் எங்களைத் தாண்டிப் போனபோது கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே அப்பாவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார். அம்மனைக் கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் கும்பிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா டிரம்பெட்டோடு தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்தார். "வா தாயி, தண்ணி ஊத்து" என்று என்னைக் கூப்பிட்டார்.

சித்தி பதறிப்போனாள். "கோயிலுக்குப் போயிட்டு வந்ததுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துவாகளா? இழவுக்கா போயிட்டு வந்துச்சு?"

"நீ உள்ள போ" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சொம்பில் மொண்டு விரிந்த பக்கமாக ஊற்றினேன். அவர் மறுமுனையில் உள்ளங்கையை ஏந்தியிருந்தார். தண்ணீர் குழாய்க்குள் எங்கெங்கோ சுற்றி அவர் கையில் விழுந்தது. தண்ணீருக்கு அடியில் கைரேகை தெரிந்தது.

"பச்சையா ஏதாச்சும் வருதா?"

"இல்ல சித்தப்பா. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாரு. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியும்ல."

குனிந்து பார்த்தேன். ஒரு தூசிகூட இல்லை. எங்கள் வீட்டுக் குடிதண்ணீர்கூட அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. "உள்ள ஒண்ணுமே இல்ல சித்தப்பா. எல்லாம் போயிருச்சு" என்றேன், எத்தனை நாள் உழைப்பு என்கிற மிதப்போடு.

"இன்னொரு சொம்பு ஊத்து."

ஊற்றினேன். தெளிவாகவே வந்தது.

"இன்னொண்ணு."

தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கும் வரை ஊற்றினேன். அவர் கையை எடுக்காமல், அதில் விழுந்து வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொம்போடு நின்றேன். என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.