காகிதத்தைச் சர்க்கரையாக்கிய எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்காவின் கணவர் போனில் அழைத்தபோது நான் ஆய்வகத்தில் துணியின் சாயத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். "நேத்தே பேச்சு நின்னுட்டும்மா. இன்னைக்குக் காலைல போயிட்டா" என்றார். முதலிபாளையம் பனியன் கம்பெனியில் அக்காவோடு வேலை செய்து, இன்று இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு நான்தான் செய்தி சொன்னேன். ஒவ்வொருவரிடமும் சொல்லும்போது அவர் மறுபடி ஒருமுறை இறந்ததுபோல இருந்தது.

தெற்கே, நாசரேத் பக்கத்திலிருந்து வேதியியல் படித்துவிட்டு இங்கே வந்தவர் அவர். பனியன் துணியின் பிசிறை நீக்க நாம் போடும் என்சைம், அதாவது நொதி, பருத்தி நாரைச் சர்க்கரையாக உடைத்து அரிக்கிறது. காகிதமும் அதே நார்தானே, அதையும் புளிக்கவைத்து எரிபொருளாக்கக்கூடிய சர்க்கரையாக்கினால் என்ன என்று கேட்டார். துணி வெட்டும் கட்டிங் மேசையில் விரிக்கும் காகிதத்தையும் கிழிந்த அட்டைப்பெட்டிகளையும் கம்பெனிக்குப் பின்னால் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. புகை அவர் குடியிருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளுக்குள் போகும். "பிள்ளைக இருமுதுட்டி. எரிக்கதுக்குப் பதிலா ஏதாவது செய்யணும்" என்பார்.

முதலாளி சம்மதித்தார். ஆனால் என்சைம் அளவுக்கு மீறித் தேவைப்பட்டது. அட்டையில் நாரோடு கலந்திருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளில் அது ஒட்டிக்கொண்டு வீணாயிற்று. சோப்பைப் போன்ற சர்ஃபேக்டன்ட் ஒன்றைச் சேர்க்கலாம் என்றார் அக்கா. "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்க மாதிரிதான். லிக்னின்ல சோப்பு முன்னாடியே உக்காந்துட்டா, என்சைம் நேரா நாருக்குப் போயிரும்லா."

முதலில் சேர்த்த சலவை சோப்பு, அதிலிருக்கும் மின் சார்ஜால் என்சைமையே செயலிழக்க வைத்தது. சோதனைத் தொட்டி முழுக்கக் கூழாகவே நின்றது. தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றார் சூப்பர்வைசர். அக்கா நேராக முதலாளியிடம் போய், "தப்பு எம்மேலதான் சார். தப்பான சோப்ப எடுத்துட்டேன்" என்றார்.

"அப்ப இதோட உட்றலாமுங்களா அம்மிணி?"

"சார்ஜ் இல்லாத சோப்பு ஒண்ணு இருக்கு சார். இன்னொரு தடவ பாத்துருதேன்."

"செரி, பாருங்க" என்றார் முதலாளி.

அந்த முறை ஏறக்குறைய பாதி என்சைமே போதுமானதாக இருந்தது. கூழ் கரைந்து, சோதனையில் சர்க்கரை காட்டியது. நாங்கள் கைதட்டினோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பெரிய தொட்டி ஓடத் தொடங்கியபோது அவர் வயிற்றுப் புற்றுநோயோடு மருத்துவமனையில் கிடந்தார். எரிப்பதை நிறுத்திவிட்டோம் என்று போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். "நல்லாகி வந்து நீங்களே பாருங்கக்கா" என்றேன்.

"வருவேனான்னு தெரியலட்டி" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாதத தெரியும்னு சொல்லாத. எனக்காகக்கூட சொல்லாத" என்றார்.

அதன் பிறகு நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த உண்மையைத்தான். பொய் சொல்லாமல் ஒருவர் பக்கத்தில் இருக்க முடியும் என்பதை.